அத்தைக்கு வந்த பாகம்

கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா மூத்தவருக்கு, அடுக்கு இளையவருக்கு. பிறகு ஆறு மாதம் பேச்சு இராது. கம்பெனிகளும் அப்படிப் பாகம் பிரிவதுண்டு. அதை மேட்டுப்பாளையத்திலிருக்கும் என் அத்தைக்கு விளக்கப் போய் நான் அசடு வழிந்த கதையைக் கேளுங்கள்.

மாமா உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதியவர். பக்கத்துத் தேக்கம்பட்டியிலுள்ள காகித அட்டை ஆலையை 2004-இல் ஐ.டி.சி. கம்பெனி வாங்கியது. "நம்ம ஊருக்கு வந்த கம்பெனி" என்று அதன் ஷேர்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார் மாமா. சிகரெட்டுக் கம்பெனியாச்சே என்று அத்தை முகம் சுளித்தாளாம். "நீ பிசைகிற ஆசீர்வாத் மாவும் அவங்களுதுதான்" என்று வாயை அடைத்துவிட்டார். அவர் காலமான பின் 254 ஷேர்கள் அத்தை பெயருக்கு மாறின. டிவிடெண்டு வந்தால் மருந்துக் கடை பாக்கி தீரும்.

2025 ஜனவரி 6-ஆம் தேதி ராத்திரி டெலிபோன் மணி அடித்தது.

"அம்மிணி, உங்க மாமா வெச்சுட்டுப் போனதிலே ஒரே நாள்லே ஆறாயிரத்துச் சொச்சம் காணோமாம். பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லுது. என்னான்னு பாரு கண்ணு."

எனக்கோ அச்சுக்குப் பக்கம் முடிக்கும் அவசரம். "மார்க்கெட் இறங்கும், ஏறும் அத்தை! பேசாமல் தூங்குங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள் சொன்ன யோசனை இது!

தை அமாவாசையன்று மாமாவுக்குத் திதி. பவானிக் கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டு வீடு திரும்பினால், அத்தை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாகத் தினம் விலையை எழுதி வைத்திருக்கிறாள். "நீ சொன்னாப்பலே ஏறவே இல்லியே, அம்மிணி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன்.

ஐ.டி.சி. 1975-இல் சென்னையில் ஒரு ஹோட்டலை வாங்கி, 'சோழா' என்று பெயரிட்டு அந்தத் தொழிலில் இறங்கியது. மாவும் பிஸ்கட்டும் அன்றாடம் விற்றுக் காசாகிறவை. ஹோட்டலோ முதலில் கட்டடத்தில் பணத்தைக் கொட்டிவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தொழில். இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டி எதற்கு என்று 2025 ஜனவரி முதல் தேதி ஹோட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாக்கிவிட்டார்கள். அதில் 40 சதவிகிதத்தைத் தாய்க் கம்பெனி வைத்துக் கொண்டது. மீதி 60 சதவிகிதம் ஷேர்க்காரர்களுக்கு: பத்துக்கு ஒன்று வீதம்.

ஜனவரி 6-ஆம் தேதி கணக்கில் பழைய ஷேர் ஒன்றுக்குச் சுமார் 26 ரூபாய் ஹோட்டலுக்கென்று கழிந்தது. அத்தையின் ஆறாயிரம் திருட்டுப் போகவில்லை. வேறு டப்பாவுக்கு மாறியிருந்தது. அவளுக்கு வந்தவை 25 புதிய ஷேர்கள். மிச்சமிருக்கும் நாலு ஷேருக்கான துண்டுப் பங்கை, எல்லாருடையதோடும் சேர்த்து விற்றுப் பணமாகத் தருவார்கள்.

புது ஷேர் முதன்முதலாகச் சந்தைக்கு வந்ததும் அந்தத் தை அமாவாசையன்றுதான், ஜனவரி 29. தேசியப் பங்குச் சந்தையில் 260 ரூபாய் என்று கணக்கிட்டது, 180-இல் ஆரம்பித்தது! பாகம் பிரிக்கும்போது போட்ட மதிப்புக்கே வாங்க ஆள் வரவேண்டுமென்று சட்டமா இருக்கிறது? கேட்காமல் கைக்கு வந்த ஷேரை விற்றுத் தள்ளுகிறவர்கள் எப்போதும் உண்டு. பிப்ரவரி 5-இல் சென்செக்ஸ் கணக்கிலிருந்து அதை எடுத்தபோது, அந்தப் பட்டியலைப் பின்பற்றும் நிதிகளும் விற்றே தீரவேண்டியிருந்தது. அவர்கள் விற்றதற்குக் காரணம் பட்டியல். ஹோட்டலில் சாம்பார் புளித்தது அல்ல.

"அப்ப, விக்கறதா வெச்சுக்கறதா?"

"கையில் காசிருந்தால் இந்த ஹோட்டல் ஷேரை இன்றைக்குக் கடைக்குப் போய் வாங்குவீர்களா, அத்தை?"

வெகு நேரம் யோசித்தாள். "மாவை எனக்குத் தெரியும். ஓட்டலைத் தெரியாது. ஒரு வருஷக் கணக்கைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். என் படிப்பையெல்லாம் விட அது நல்ல பதிலென்று பட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாகம் வந்தால், விலையைப் பார்த்துப் பதறுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாங்கிய விலையில் நூற்றுக்கு 86.49 பழைய ஷேருக்கு, 13.51 ஹோட்டலுக்கு என்று ஐ.டி.சி.யே பிரித்துச் சொல்லியிருக்கிறது. புது ஷேர் கைக்கு வந்ததற்கு வருமான வரி கிடையாது. என்றாவது விற்கும்போது இந்தக் கணக்கு வேண்டும். பழைய ஷேரை வாங்கிய தேதியே புதியதற்கும் தேதி.

அத்தை எழுதிக் கொண்டாள். மாமாவின் பழைய கணக்கு நோட்டில், அவர் எழுதி நிறுத்தியிருந்த வரிக்குக் கீழே.