அக்கா வீட்டுச் சத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். அக்காவிடம் வாசித்துக் காட்டி, "போடுடா" என்று அவள் சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 76. அத்தான் போன பிறகு மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறாள். சில மாதங்களாக இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்று, விடியற்காலையில் யாரோ சுவரைத் தட்டுகிறார்கள். இன்னொன்று, குளியலறையில் சில நாள் வெந்நீர் வருகிறது, சில நாள் வருவதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் லீவு போட்டுவிட்டு வந்தான். அவள் அறையிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. காலையில் குழாயைத் திறந்தான், வெந்நீர் நன்றாகவே வந்தது. கீசர் சுவிட்சைப் போட மறந்துவிடுகிறாள் போலிருக்கிறது என்று முடிவானது. இல்லாத சத்தம் கேட்கிறது, ஞாபகமும் போகிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன பெயர் வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெயர் ஒரு கல்யாணப் பந்தியில், எங்களுக்கு மூன்று தலைமுறை தள்ளிய உறவுக்காரர் ஒருவர் வாயிலிருந்து என் காதுக்கு வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு அவளை முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்ப்பதற்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்தப் பேச்சு போன வழியிலேயே இந்தப் பதிவும் போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மருமகனைக் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு தாயைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்குப் பயம்தான் முதலில் வரும்.

நான் போனபோது அக்கா எதையும் விவரிக்கவில்லை. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். தட்டுகிற சத்தம் கேட்ட நாளின் தாளில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு. மூன்று வாரத்துத் தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தவறாமல் கோடு. தடுமாறுகிற மனசு இப்படிக் கணக்காகத் தடுமாறாது.

அந்தத் தெருவுக்கு ஊர்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். மருமகன் படுத்த ராத்திரி தண்ணீர் முறை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் முறை. மூன்றரை மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்தேன். நாலு மணி சுமாருக்கு மீட்டர் பக்கம் சீறல் கேட்டது. காலியாகக் கிடந்த குழாயில் இருக்கும் காற்றைத் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் அது. பிறகு சம்ப்பில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. சம்ப் நிறையப் போகிற நேரத்தில் ஆரம்பித்தது: தட், தட், தட். சரியாக அக்காவின் தலைமாட்டுச் சுவரில். இருட்டில் தனியாகப் படுத்திருக்கிற யாருக்கும் அது கை தட்டுகிற சத்தமாகத்தான் கேட்கும். எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது.

காரணம் சம்ப்பின் மிதவை வால்வு. தண்ணீர் மேலே வந்ததும் பந்து உயர்ந்து வாயை மூட வேண்டும். ஆனால் கொட்டுகிற தண்ணீர் அலை எழுப்ப, பந்து அதில் ஆடும். ஆடும்போது வாய் மூடும், திறக்கும், மூடும். ஒவ்வொரு முறை மூடும்போதும் குழாயில் ஓடிவந்துகொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் சட்டென்று நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பில் உந்தம் நடத்தும்போது, ஓடுகிற பஸ் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் விழுவதைச் சொல்வேனே, அதேதான். பஸ்ஸில் விழுபவரைக் கம்பி தாங்கும். இங்கே தாங்க வேண்டியது குழாயும் வால்வும்.

இதை முறையாக ஆராய்ந்து கணக்குப் போட்டுக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஷுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-இல் வெளியிட்டார். விமானவியல் படித்த மாணவர்களுக்கு இந்தப் பெயர் வேறு இடத்தில் அறிமுகமாகியிருக்கும். அவர் சமன்பாட்டின்படி, இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தாழ 12, 13 வளிமண்டலம் அளவுக்கு எகிறும். அந்த அதிர்ச்சி குழாயில் நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் போய்த் திரும்பும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் இவ்வளவு ஏறாது. அக்கா வீட்டில் இருப்பதோ பழைய ஜி.ஐ. பைப். போதாக்குறைக்கு, படுக்கையறையின் வெளிச்சுவரில் அதைப் பிடித்திருந்த கிளாம்ப் இரண்டு துருப்பிடித்துக் கழன்றிருந்தன. குழாய் குதித்துச் சுவரை அடித்துக்கொண்டிருந்தது.

பிளம்பர் தம்பி நல்ல வேலைக்காரர். சொன்னதைக் கேட்டார், சொல்லாததையும் செய்தார். கிளாம்ப்புகளை மாற்றி, குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினார். அலை படாமல் இருக்க மிதவையைச் சுற்றி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை நிறுத்தினார். வெளியே கேட் வால்வைக் கொஞ்சம் திருகி வேகத்தைக் குறைத்தோம். வால்வுக்கு முன்னால் ஒரு டீ போட்டு, ஒன்றரை அடிக் குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி மேல்வாயை மூடிவிட்டோம். அதற்குள் அகப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

இங்கே துணைக்கு வைத்துக்கொண்ட அதே காற்றுதான் வெந்நீர் விஷயத்தில் வில்லன்.

வருடங்களுக்கு முன்னால் குளியலறையை மாற்றிக் கட்டியபோது, தரையை உடைக்க மனமில்லாமல், கீசருக்குப் போகிற குழாயைப் பின்கதவு நிலைக்கு மேலே ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தோம். தரையிலிருந்து அந்த மேடு 7 அடி. அங்கிருந்து தரைக்கு இறங்கி, உள்ளே போய், மறுபடி ஏறுகிறது. கீசரின் உச்சி 6 அடி. மாடியில் டேங்க் நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டம் 14 அடி, குறைந்தால் 11.

மின்சாரம் போய் டேங்க் காலியாகும் ஒவ்வொரு முறையும் குழாயில் காற்று நுழைகிறது. பிறகு தண்ணீர் வந்தாலும், மேட்டிலிருந்து இறங்குகிற 7 அடித் துண்டில் காற்று மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் இருந்தால், இறங்க இறங்க அழுத்தம் கூடும். காற்றுக்கு எடை பெயரளவுக்குத்தான். மேலே வாங்கிய அழுத்தத்தை அப்படியே கீழே கொடுக்குமே தவிர, தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. டேங்க் குறைந்திருக்கும்போது மேட்டில் கிடைப்பது 11 கழித்தல் 7, அதாவது 4 அடி. ஏற வேண்டியது 6 அடி. வராது. டேங்க் நிறைந்திருந்தால் 7 அடி கிடைக்கும். வரும்.

மகன் வந்திருக்கிறான் என்று அக்கா முந்தின நாளே மோட்டார் போட்டு டேங்கை நிறைத்து வைத்திருந்தாள். அவனுக்கு வெந்நீர் வந்தது.

வராத நாட்களில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அடுப்பில் தண்ணீர் காயவைத்து, தவலையைத் தூக்கிக்கொண்டு, ஈரத்தரையில் குளியலறைக்கு நடந்திருக்கிறாள். 76 வயதில். சுவரைத் தட்டுகிற சத்தத்தைவிட இதைக் கேட்டுத்தான் எனக்கு நெஞ்சு பதறியது.

தற்காலிக வைத்தியமாக, கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே போகிற இணைப்பைக் கழற்றி, சுவரிலிருந்து வரும் வாயில் மோட்டார் தண்ணீரை ஹோஸ் வழியாகப் பின்னோக்கிச் செலுத்தினோம். டேங்க் வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், அரை நிமிடம் போதும். மாடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன், "தாத்தா, டேங்குக்குள்ள குபுகுபுன்னு வருது!" என்று கத்தினான். நிரந்தர வைத்தியம், மேட்டில் ஒரு டீ போட்டு அரை அங்குலக் காற்றுக்குழாயை டேங்கின் முழு மட்டத்துக்கும் மேலே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவது. பாதி வேலை ஏணியில்தான். சுவர் எதையும் உடைக்கவில்லை. புதிய டைல்ஸ், புதிய கீசர் என்று முன்பு ஒருவர் கொடுத்துவிட்டுப் போன எஸ்டிமேட் அக்காவின் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

அடுத்த தண்ணீர் முறையன்று அக்கா ஆறு மணி வரை தூங்கினாள். எழுந்து வந்து, "இன்னிக்குத் தண்ணி விடலையாடா?" என்று கேட்டாள். சம்ப் நிறைந்திருந்தது.

மருமகனுக்கு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது, நான் வாசலுக்குப் போய்விட்டேன். குடியிருப்புக்குக் கட்டிய முன்பணத்தில் பாதி திரும்ப வராதாம். போகட்டும்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சம்ப் பக்கத்தில் நிறுத்திய குழாய்த் துண்டில் இருக்கும் காற்றைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட் வால்வை மூடி, மேல் மூடியைக் கழற்றி, குழாயை வடித்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். தீபாவளிக்கு வருகிற மருமகன் அதைச் செய்யட்டும். ஸ்பேனர் மாடிப்படிக்குக் கீழே, பச்சை டப்பாவில் இருக்கிறது.