ரிபிள் ஆற்றங்கரையில் ஓர் ஓட்டப்பந்தயம்

சென்ற வாரம் மான்செஸ்டரில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பிரெஸ்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லங்காஷயரின் பழைய பஞ்சாலை நகரம் அது. ஊரின் தெற்குச் சரிவில் ஏவன்ஹம் பூங்கா; பூங்கா முடிகிற இடத்தில் ரிபிள் ஆறு. மார்மன் மிஷனரிகளின் கதைகளைத் தேடி இங்கிலாந்துக்கு வருகிறவர் இந்த ஆற்றங்கரையில்தான் தொடங்க வேண்டும்.

1837 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவிலிருந்து பத்து நாள் முன்புதான் வந்து இறங்கியிருந்த மிஷனரிகளிடம் ஞானஸ்நானம் பெற ஒன்பது பேர் கரைக்கு வந்திருந்தார்கள். இங்கிலாந்திலேயே முதல் முழுக்கு யாருக்கு என்று இரண்டு ஆண்களுக்குள் போட்டி. பேசிப் பார்த்து முடிவுக்கு வராததால் ஆற்றை நோக்கி ஓட்டமெடுத்தார்கள். ஜார்ஜ் வாட் என்ற 25 வயது இளைஞர் முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் இருக்கும் என்று மிஷனரிகளின் தலைவர் ஹீபர் கிம்பல் எழுதிவைத்திருக்கிறார். அந்த வாட் பிறகு பிட்மன் சுருக்கெழுத்துக் கற்று, சால்ட் லேக் சிட்டியில் தலைவர்களின் பிரசங்கங்களை வாய் மூடுவதற்குள் எழுதி எடுக்கும் நிருபரானார். காலில் இருந்த வேகம் கைக்கு வந்துவிட்டது.

மார்மன் என்றதும் நம்மில் பலருக்கு யூட்டா மாநிலமும், 1890இல் சபை கைவிட்ட பலதார மணமும்தான் நினைவுக்கு வரும். அவர்களுடைய மிஷனரிகள் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்தால் வேறொரு உலகம் திறக்கிறது. பசி, குளிர், கல்லெறி எல்லாம் அவற்றில் உண்டு. அடுத்த பத்தியிலேயே விழுந்து விழுந்து சிரிக்கவும் வைத்துவிடுவார்கள். அதிகாரபூர்வ வரலாற்றில் தலைவர்கள் தெரிகிறார்கள். இந்தச் சிரிப்புக் கதைகளில்தான் வீட்டை விட்டு வெகுதூரம் வந்து நிற்கிற மனிதன் தெரிகிறான். என்னை இங்கே இழுத்து வந்தது அவன்தான்.

கிம்பல் தொழிலால் குயவர். 36 வயது. லிவர்பூலில் கப்பலிலிருந்து சிறு படகில் வந்தவர், கரைக்கும் படகுக்கும் ஆறேழு அடி இடைவெளி இருக்கும்போதே தாவிக் குதித்துவிட்டார், அவ்வளவு அவசரம். பிரெஸ்டனில் அன்று நாடாளுமன்றத் தேர்தல் களைகட்டியிருந்தது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த வருடம் அது. கோச் வண்டியை விட்டு இறங்கியவர்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய கொடி விரிந்தது. உண்மையே வெல்லும் என்று அதில் தங்க எழுத்துகள். ஏதோ ஒரு கட்சியின் தேர்தல் கொடி! ஏழு மிஷனரிகளும் அதைத் தங்களுக்கே வந்த வரவேற்பாக எடுத்துக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

முதலில் அவர்களுக்கு இடம் கொடுத்தவர், அந்த எழுவரில் ஒருவரான ஜோசஃப் ஃபீல்டிங்கின் அண்ணன். பிரெஸ்டனில் போதகராக இருந்தார். தம்பி வந்திருக்கிறான் என்று தன் ஆலயத்தின் மேடையைத் திறந்துவிட்டார். மூன்று கூட்டம் முடிவதற்குள் தன் மந்தையே ஞானஸ்நானம் கேட்கத் தொடங்கியதும் கதவை அடைத்தார். பிறகு கூட்டங்கள் வீடுகளில் நடந்தன. அதற்கும் பிறகு வாடகைக்குக் கிடைத்தது ஊரின் பழைய சேவல் சண்டை அரங்கம். மதுவிலக்குச் சங்கத்தார் அங்கே கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேவல்கள் கத்தி கட்டி மோதிய களத்தைச் சுற்றி உட்கார்ந்து பிரெஸ்டன் மக்கள் வேதம் கேட்டார்கள்.

இரண்டாம் முறை கிம்பல் வந்தது சபையின் இன்னொரு தலைவரான பிரிகம் யங்கோடு. 1839 செப்டம்பரில் மிஸிஸிப்பிக் கரையில் இருந்த தங்கள் ஊரை விட்டு இருவரும் புறப்பட்டபோது இரண்டு பேருக்கும் மலேரியா. வண்டியில் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டிலும் எல்லோரும் படுக்கை; யங்கின் கைக்குழந்தைக்குப் பத்து நாள்தான். வண்டி சற்று நகர்ந்ததும், இப்படிப் போனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கிம்பலுக்குத் தாங்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு நோயாளிகளும் தட்டுத் தடுமாறி எழுந்து, தொப்பியை வீசி, இஸ்ரவேலுக்கு ஜே என்று மும்முறை கத்தினார்கள். உள்ளே படுத்திருந்த மனைவிமார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, சிரித்து வழியனுப்பினார்கள். மிஷனரி சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

வழிச்செலவுக்கு அவர்களிடம் இருந்தது 13 டாலர் 50 சென்ட். ஆனால் யங் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த வண்டிக்கூலிக்கு ஏதோ கொஞ்சம் பணம் இருந்தது. கணக்குப் பார்த்தால் 87 டாலருக்கு மேல் செலவாகியிருந்தது! கூட வருகிறவர்தான் ரகசியமாகப் போடுகிறாரோ என்ற சந்தேகம்கூட வந்தது. 1840 ஏப்ரலில் அவர்கள் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது, ஏற்கெனவே இங்கே தங்கியிருந்த வில்லார்ட் ரிச்சர்ட்ஸுக்கு யங்கை அடையாளம் தெரியவில்லை. இத்தனைக்கும் ரிச்சர்ட்ஸ் அவருக்கு உறவுமுறையில் சகோதரர். அவ்வளவு இளைத்திருந்தார் யங்.

பிரெஸ்டனின் சந்தைச் சதுக்கத்தில் இன்னொரு கதை நிற்கிறது. 1933 கோடையில் கார்டன் ஹிங்க்லி என்ற இளைஞர் யூட்டாவிலிருந்து இங்கே வந்தார். அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் அழுத்திக்கொண்டிருந்த காலம். இறந்துபோன அவர் அம்மா மளிகைக் கடையில் மிஞ்சும் சில்லறையைப் பிள்ளைகளின் மிஷனுக்கென்று சேர்த்துவைத்திருந்தார். அந்தப் பணமும் சேர்ந்துதான் அவரை இங்கே கொண்டுவந்தது. வந்த அன்று மாலையே, சதுக்கத்தில் தெருக்கூட்டம் என்றார் துணை மிஷனரி. ஹிங்க்லி நடுங்கிப்போனார். சின்ன மேடை மேல் ஏறி நின்று பாடிப் பேச வேண்டும். கேட்பவர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகள். போதாததற்குப் புல் பூக்கும் பருவம். மகரந்த ஒவ்வாமையில் கண்ணும் மூக்கும் ஓயாமல் ஒழுகின. கதவு தட்டினால் யாரும் கேட்பதில்லை. என் காலமும் உங்கள் பணமும் வீணாகின்றன என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். பதில் மிகச் சுருக்கமாக வந்தது: உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார். ஹிங்க்லி 1995இல் உலகம் முழுவதற்குமான சபைத் தலைவரானார். 1998 ஜூனில், பிரெஸ்டனுக்குப் பக்கத்துச் சோர்லியில் கட்டிய வெண்கல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவரும் அவரே.

அதே சதுக்கத்தில் இன்றைய மிஷனரிகள் இருவரைச் சந்தித்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை. ஒருவருக்கு ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணை, மற்றவர் பிலிப்பைன்ஸ். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்நேரமும் ஜோடியாகவே இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது; ஐடஹோக்காரரின் வீட்டிலிருந்து மாதம் 500 டாலர் சபைக்குப் போகிறது. திங்கட்கிழமை துணி துவைக்க, கடைக்குப் போக. 2019க்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டோடு தொலைபேசியில் பேச முடியும். இப்போது வாரம் ஒரு முறை பேசலாம். பிலிப்பைன்ஸ் பையன் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்த விதத்தில் எத்தனை திங்கட்கிழமைகளின் ஏக்கம் இருந்தது என்பது புரிந்தது.

இங்கிலாந்தில் அவர்களுக்குப் பெரிய சோதனை தேநீர். 1833லிருந்து சபைக்கு உள்ள ஆரோக்கிய நெறிப்படி தேநீரும் காபியும் கூடாது. லங்காஷயர் பாட்டிமார் கதவைத் திறந்தாலே கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். நம்மூரில் வந்தவர் காபி வேண்டாம் என்றால் வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அங்கேயும். ஒரு பாட்டி, மதம் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, தேநீருக்குப் பதில் வெந்நீரும் பிஸ்கட்டும் தருவேன், தோட்டத்து வேலியை வெட்டிக்கொடுங்கள் என்றாராம். பையன்கள் வாராவாரம் போய் வெட்டுகிறார்கள். பேச்சைக் காப்பாற்றி மதத்தை எடுப்பதில்லை. இப்போது பாட்டிதான் கேள்வி கேட்கிறாராம்.

நாய்க்கதை இல்லாத மிஷனரியும் கிடையாது. அந்த வகையில் எல்லோருக்கும் முன்னோடி பார்லி பிராட். 1840இல் மான்செஸ்டரில் சபையின் 'மில்லெனியல் ஸ்டார்' இதழைத் தொடங்கிய அதே ஆசிரியர். அதற்குப் பத்து வருடம் முன்பு, ஒஹையோவில் அவரைக் கைது செய்து ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். மறுநாள் காலை, ஓட்டத்தில் நீங்கள் எப்படி என்று காவலரைக் கேட்டார் பிராட். சுமார்தான், ஆனால் என் நாய் கெட்டி என்றார் காவலர். சரி, நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிராட் ஓடினார். திகைத்து நின்ற காவலர் சுதாரித்துப் புல்டாக்கை ஏவினார். அது பாய்ந்து நெருங்கிய கணத்தில் பிராட் கைதட்டி, காட்டைச் சுட்டிக்காட்டி, காவலரைப் போலவே நாயை ஏவிக் கத்தினார். நாய் அவரைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடியது. பின்னால் காவலரும் ஓடினார்.

இங்கிலாந்தில் மிஷனரிகளுக்கு விளையாட்டும் கைகொடுத்தது. 1930களில் ராச்டேல் கிரேஸ் என்ற பேஸ்பால் அணியில் மிஷனரிகள் ஆடி, ஊர் மக்களின் கைதட்டலைப் பெற்றார்கள். 1950களின் கடைசியில் இதுவே கைமீறியது. அணியில் சேர்வதற்குச் சடங்கு என்று நம்பி முழுக்குப் போட்ட சிறுவர்கள் ஏராளம். பலருடைய பெயர்களைச் சபையே பிறகு நீக்க வேண்டிவந்தது. இலக்கு வைத்து ஆன்மாக்களை எண்ணத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பல முன்னாள் மிஷனரிகள் மனம்விட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

பிரிட்டிஷ் மண்ணில் விழுந்த விதை கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1853இல் மதராஸில் இறங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கையில் காசில்லாமல் வந்து, பெரும்பாலும் ஆங்கிலேயரிடையே பேசி, ஒரு சிறு இதழும் அச்சிட்டு, ஒரு வருடத்தில் உடல்நலம் குன்றித் திரும்பினார்.

பிரெஸ்டனிலிருந்து தெற்கே, ரயில் மாறி மாறி லெட்பரிக்கு வந்தேன். ஹியர்ஃபோர்ட்ஷயரின் சிற்றூர், ஆப்பிள் தோப்புகளும் ஹாப்ஸ் கொடிகளும். சில மைல் தள்ளிக் காஸில் ஃப்ரோமில் ஜான் பென்போவின் பண்ணை. 1840 மார்ச்சில் வில்ஃபோர்ட் உட்ரஃப் என்ற மிஷனரி அங்கே வந்தபோது, மெதடிஸ்டுகளிடமிருந்து பிரிந்த 600 பேர் கொண்ட ஒரு குழு புதிய வெளிச்சத்துக்குக் காத்திருந்தது. வந்த சில நாளிலேயே உட்ரஃப் பண்ணைக் குட்டையைத் தூர்வாரினார். ஞானஸ்நானத்துக்குத் தேவைப்படும் என்று அவ்வளவு நம்பிக்கை!

முதல் ஞாயிறு அவரிடம் ஆயிரம் பேர் போனார்கள். ஊர்க் கோயிலில் பதினைந்து பேர்தான் என்று எழுதுகிறார் உட்ரஃப். கோபம் கொண்ட பாதிரியார் கான்ஸ்டபிளை அனுப்பினார். என்னிடமும் பிரசங்க உரிமம் இருக்கிறது, கூட்டம் முடியட்டும், அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றார் உட்ரஃப். கான்ஸ்டபிள் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் முழுக்குக்கு முன்வந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். போய்ப் பாதிரியாரிடம், அவரைப் பிடிக்க வேண்டுமானால் நீங்களே போய்ப் பிடியுங்கள் என்றார். பாதிரியார் அடுத்ததாக இரண்டு கோயில் எழுத்தர்களை உளவு பார்க்க அனுப்பினார். அவர்களும் குட்டையில் இறங்கினார்கள். மூன்றாவதாக யாரையும் அனுப்பப் பாதிரியார் துணியவில்லை.

சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை இங்கிலாந்தில் அச்சிடப் பென்போ 250 பவுன் கொடுத்தார். அதே ஆண்டு பண்ணையை விட்டுவிட்டு லிவர்பூலில் கப்பலேறினார். அவருக்கு முன்பே, ஜூன் மாதம், 41 பேர் 'பிரிட்டானியா' என்ற கப்பலில் போயிருந்தார்கள். அந்தத் துறைமுகம் அடுத்த வாரம்.

(தொடரும்)