நடுநாற்காலியில் இருப்பவர் என்ன எழுதுகிறார்?

குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் இடைநிலைப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சிகள் நடக்கின்றன. நாங்களும் அப்படிச் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறோம். நேர மேலாண்மை, குழுவை ஊக்கப்படுத்துவது, கோபத்தைக் கையாள்வது, எத்தனை வகைத் தலைவர்கள் உண்டு என்பது என்று வகுப்பு போகும். நடுவில் பலூன் ஊதும் விளையாட்டு. மாலையில் சான்றிதழ், குழுப் புகைப்படம். இவை எல்லாம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளும் 'சாதி' என்ற சொல் ஒருமுறைகூடக் காதில் விழாமல் ஒரு பயிற்சி முடிகிறது என்றால், அது எந்த ஊர்க் குழந்தைகளுக்கான பயிற்சி என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இடைநிலை என்றால் யார்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பாதுகாப்பு அலுவலர், தொண்டு நிறுவனத்தின் திட்ட ஒருங்கிணைப்பாளர், குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர். இவர்களுக்கு மேலே மாவட்ட நிர்வாகமும் குழந்தைகள் நலக் குழுவும். கீழே, பேருந்து ஏறிக் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் அலையும் களப்பணியாளர்கள். 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கி இன்று 'மிஷன் வாத்சல்யா' என்று பெயர் மாறியிருக்கும் இந்த அமைப்பில் பெரும்பாலானோர் ஒப்பந்தப் பணியாளர்கள். களத்தில் பார்த்தது மேலே போய்ச் சேருவதும், பாதியிலேயே நின்றுபோவதும் இந்த நடுநாற்காலியில்தான்.

நின்றுபோவது எப்படி? யாரும் கோப்பைக் கிழித்துப் போடுவதில்லை. சொற்களை மாற்றினாலே போதும். பள்ளியில் தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று களப்பணியாளர் எழுதினால், அது 'மாணவர்கள் தூய்மைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர்' என்று திருத்தப்படும். காதல் விவகாரத்தில் சாதி பார்த்து மிரட்டியதால் பெண் பிள்ளை படிப்பை நிறுத்தியிருப்பாள். அறிக்கையில் 'குடும்பச் சூழல் காரணமாக இடைநிற்றல்' என்று இருக்கும். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. 'எதற்கு வம்பு' என்ற ஒரே எண்ணம் போதும்.

அந்தச் சொல் மாறியதும் சட்டமும் மாறிவிடுகிறது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். ஒரு தாய் விடாமல் கேட்டதால் அது வழக்கானது. அதையே 'தூய்மைப் பணி' என்று எழுதியிருந்தால் ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்திருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் கட்டத்திலேயே நிவாரணத்தின் ஒரு பகுதி கிடைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமை உண்டு. போக்சோ வழக்குகளிலும் இதுதான் நிலை. குழந்தை பட்டியல் சாதியைச் சேர்ந்தது என்பதை ஆரம்பத்திலேயே எழுதாவிட்டால், பிறகு அதைச் சேர்ப்பதற்கே குடும்பம் நடையாய் நடக்க வேண்டும்.

சாதியைப் பற்றி எழுதுவது 'பாரபட்சம்' என்று சில அதிகாரிகள் நினைக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 3ஆம் பிரிவு, எந்தக் குழந்தைக்கும் சாதி உள்ளிட்ட எந்தக் காரணத்தாலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பாகுபாடு நடந்ததா என்று பார்க்காமலேயே பாகுபாடு இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. களப்பணிக்குப் போகும் தலித் பெண்ணை ஊர்த்தெருவில் வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறார்கள். 'நீ எந்த ஊரு, யாரு பொண்ணு?' என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். அதை அலுவலகத்தில் சொன்னால், 'மக்களோட நல்லா பழகத் தெரியணும்மா' என்று மேலாளர் அறிவுரை சொல்கிறார். ஊர் செய்த அவமானம் அவளுடைய திறமைக் குறைவாகப் பதிவாகிறது. ஆண்டு முடிவில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பதை முடிவு செய்வதில் அதே மேலாளரின் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை அவள் எதைப் பார்த்தாலும் சொல்வாளா? அவள் வாயை மூடினால், அவள் பார்த்த குழந்தைக்கும் வாய் இல்லாமல் போகிறது.

அதனால்தான் சொல்கிறோம்: இந்தத் துறையில் தலைமைத்துவம் என்பது மேடைப் பேச்சோ பலூன் விளையாட்டோ அல்ல. களத்தில் கண்ட உண்மை நிறம் மாறாமல் மேலே போய்ச் சேரப் பார்த்துக்கொள்வதே தலைமைத்துவம். அதற்குப் பயிற்சி தர முடியும். பெயர்களை நீக்கிய பழைய சமூக விசாரணை அறிக்கைகளை மேசையில் போட்டு, இதில் எந்தச் சொல் எதை மறைக்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் படிக்க வைக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எந்த வழக்கில் சேரும் என்பதை வழக்கறிஞரை வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். களப்பணியாளர் சாதி இழிவைச் சந்தித்தால் அதை எழுத்தில் பதிவு செய்வதும், அவர் வேலைக்கு ஆபத்து வராமல் பார்ப்பதும் மேலாளரின் கடமை என்று வகுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பயிற்சி அட்டவணையில் ஒரு நாள் தேவை.

சமூகவியலும் சமூகப்பணியும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் சில ஆண்டுகளில் அந்த நடுநாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். அங்கே இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும், எல்லாம் மேலே இருப்பவர்கள் கையில்தானே என்று உங்களுக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். உங்கள் பேனாவைத் தாண்டித்தான் எந்த அறிக்கையும் மேலே போக வேண்டும். களப்பணியாளர் எழுதி வந்த 'தலித்' என்ற சொல்லை அடிக்காமல் விட்டாலே ஒரு வழக்கு உயிரோடு இருக்கும். இப்போது நீங்கள் போகும் பயிற்சிகளில் கேள்வி நேரம் என்று ஒன்று வரும். எழுந்து நின்று கேளுங்கள்: 'சார், மேடம், சாதி பற்றிய வகுப்பு எப்போது?'