முராயாமாவின் வாட்கலை

வடகிழக்கு ஜப்பானில், யமகாத்தா மாகாணத்தைச் சேர்ந்த முராயாமா என்னும் சிறு நகரம், உறையிலிருந்து வாளை உருவும் அசைவையே முதல் வெட்டாக மாற்றும் ‘இயாய்’ என்ற வாட்கலையின் பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில், தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்க உறுதிபூண்ட ஹயாஷிசாகி ஜின்சுகே, இவ்வூர்க் கோயிலில் நோன்பிருந்து இக்கலையைத் தெய்வ அருளாகப் பெற்றார் என்பது மரபு. அவரையே தெய்வமாக வழிபடும் கோயில் இன்றும் அங்கு உள்ளது.

‘ஹகாமா’ என்னும் மடிப்புகள் கொண்ட அகன்ற கீழாடையை அணிந்து பயில வரும் பயணிகளை, சுருட்டிய பாயை மெய்வாளால் வெட்டிப் பார்க்கும் ‘தமேஷிகிரி’ பெரிதும் ஈர்ப்பது இயல்பே எனினும், கலையின் உயிர் அதில் இல்லை. மண்டியிட்டமர்ந்து வாளை வணங்குவதும், இடக்கைப் பெருவிரலால் கைக்காப்பை மெல்ல நெம்பி அலகை விடுவிப்பதும், வலக்கை உருவும் அதே கணத்தில் இடக்கை உறையைப் பின்னிழுப்பதும், பின்னர் வாளின் முதுகை உறைவாயில் உரசவிட்டு, கண்ணை எதிரே நிறுத்தியபடியே அலகை உள்ளே செலுத்தும் ‘நோதோ’வும் கைவந்த பிறகே வெட்டு பொருள் பெறுகிறது. பொதுவிடங்களில் வாள் அணிவதை 1876இல் மெய்ஜி அரசு தடைசெய்த பின்னரும் இக்கலை அழியாமல் நின்றதற்கு, எதிராளி எவருமின்றித் தனியொருவராகவே பயிலத்தக்க ‘கதா’ எனப்படும் இவ்வரையறுத்த அசைவுத் தொடர்களே பெருந்துணையாயின.