ஒரே டப்பா, ரெண்டு பயம்

டிவி விளம்பரம் ஒரு கலைதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அரை நிமிஷத்துல ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஒரு கவலை, ஒரு தீர்வுன்னு முழுக்கதையும் சொல்லி முடிச்சிடறாங்க. அந்தக் கலை என் கன்சல்டிங் ரூமுக்குள்ள எப்படி வந்து உட்காருதுன்னு சொல்லத்தான் இந்த இழை.

ஹார்லிக்ஸை எடுத்துக்கோங்க. 1930கள்ல பிரிட்டன்ல அதை விற்க, ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனம் 'இரவுப் பட்டினி'ன்னு ஒரு பிரச்சினையையே உருவாக்குச்சு. தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்குதாம், அதனாலதான் காலையில களைப்பாம்! எந்த மருத்துவப் பாடத்திலும் இல்லாத நோய். ஆனா மக்கள் நம்பினாங்க. அங்கே அது ராத்திரி படுக்கப்போகும்போது குடிக்கிற பானம்.

அதே பேர் நம்ம ஊர் டிவிக்கு வந்ததும் குழந்தைகளை உயரமா, பலமா, புத்திசாலியா ஆக்குற பானமாயிடுச்சு. அங்கே தூக்கம் பற்றிய பயம், இங்கே பிள்ளை குள்ளமா நின்னுடுமோங்கற பயம்.

2008ல, பங்களாதேஷுக்காக எடுத்த அப்படியொரு விளம்பரம் பிரிட்டன்ல ஒரு சேனல்ல ஓடிடுச்சு. திரும்பவும் போடக் கூடாதுன்னு அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடுத்துடுச்சு.

சரி, சுவத்துல கோடு போட்டு உயரம் அளக்கிற காட்சிக்கு வருவோம். நாலஞ்சு வயசுலேருந்து பருவமடையும் வரை ஆரோக்கியமான குழந்தை வருஷத்துக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளரும். பவுடர் குடிச்சாலும் வளரும், குடிக்காட்டியும் வளரும். அடுத்த வருஷம் கோடு மேல ஏறத்தான் போகுது. இயற்கை செய்யற வேலைக்கு டப்பா பேர் வாங்கிக்குது. அந்தக் காட்சியோட சாமர்த்தியமே அதுதான்.

என்கிட்ட வந்த ஒரு அம்மா, கூலி வேலை பார்க்கறவங்க. மாசம் ரெண்டு டப்பா ஏதோ ஒரு பவுடர் வாங்கறாங்க. வீட்ல முட்டை வாரத்துக்கு ஒண்ணுதான். பையனோட உயரத்தை வளர்ச்சி அட்டவணையில குறிச்சுக் காட்டி, "நல்லாத்தாம்மா வளர்றான்"னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "நிறுத்திட்டா, பிள்ளைக்கு எதுவுமே செய்யாத மாதிரி இருக்குமே சார்"னாங்க.

அந்த விளம்பரங்கள் விற்கிறது உயரத்தை இல்லைங்க, 'நல்ல அம்மா'ங்கற சான்றிதழை. மாசாமாசம் காசு கொடுத்துப் புதுப்பிக்கணும்!

2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவுலேருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்துச்சு. சட்டத்துல அப்படியொரு வகையே கிடையாது. ஆனா பேரை எடுத்துட்டா பயம் போயிடுமா?

அதனால விளம்பரத்தை ரசிங்க, தப்பே இல்லை. கடையில மட்டும் டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவுன்னு படிங்க. ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. பயறு, கடலை, பாலும் இருக்கு. பிள்ளை வளர்றானான்னு சந்தேகமா? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உயரமும் எடையும் பார்த்துக் குறிச்சு வைங்க. குறைஞ்சா டாக்டர்கிட்ட வாங்க. அங்கன்வாடியில எடை பார்க்கக் காசு கேட்க மாட்டாங்க.