பேத்தியின் படகு

சமுத்திரத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. நான் தேவாரத்துக்காரன். மேற்கே மலை, மற்றப் பக்கமெல்லாம் காடும் தோட்டமும். நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பினால் அதுவே எங்களுக்குக் கடல். ஆயுளில் நான் படகு ஏறியது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில், தேக்கடியில், விசைப்படகில். அப்பொழுதும் எல்லோரும் யானையைத் தேடினார்கள். நான் கரையைத் தேடிக் கொண்டிருந்தேன்.

அந்த ஏரியில்தான் 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாலையை மறந்தவர்கள் இல்லை. என் சகதர்மிணியோ அன்றிலிருந்து படகு என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விடுவதில்லை. ஆகவே, சென்னையிலிருக்கும் எங்கள் பத்து வயதுப் பேத்தி கோடை விடுமுறையில் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறாள் என்று டெலிபோனில் செய்தி வந்ததும் எழுந்த அமளியை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

"நீங்களே வந்து பாருங்கள், அப்பா. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்" என்றாள் மகள்.

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்க" என்று கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து என்னை ரயிலேற்றினாள் அவள் தாயார்.

சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-இல், துறைமுக டிரஸ்டின் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவர் ஸ்தாபித்தது. ராஜா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. 'ராயல்' மட்டும் பலகையை விட்டு இறங்கவில்லை. கணித மேதை ராமானுஜன் 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தது இந்த ஸ்பிரிங் துரையின் ஆபீஸில்தான். அவருடைய மேதையை உணர்ந்து, அவர் சீமைக்குப் போவதற்குத் துரை கைகொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு ஒரு நமஸ்காரம் போடலாம்.

ஆனாலும் கிளப்பின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனம் வேறெங்கோ போயிற்று. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908-இல் சிறை புகுந்து 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். துரைமார் மாலைப்பொழுதைப் போக்க இங்கே பாய் விரித்த 1911-இல், நம்மவர்களுக்காகக் கப்பல் விட்டவர் கம்பிக்குள் இருந்தார். இதே கடலில், துறைமுகத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில், காசிமேட்டு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் செலுத்தியவர்கள். அந்தச் சொல்லையே ஆங்கிலேயன் 'காடமரான்' என்று தன் அகராதியில் எடுத்து வைத்துக் கொண்டான். அவர்கள் செய்தால் பிழைப்பு. துரை செய்தால் விளையாட்டு. இந்த நியாயம் எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

"தாத்தா, இதுதான் என் படகு!" என்று கையைப் பிடித்து இழுத்தாள் பேத்தி.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வெட்டுண்ட தொட்டி மாதிரி இருந்தது. 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயராம். நீளம் 2.3 மீட்டர், பாய் நீங்கலாக எடை 35 கிலோ. 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்கென்றே வகுத்த படகு. இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் இதில்தான் அரிச்சுவடி படிக்கிறார்கள். சென்னையில் சிறுமியாய்ப் பாய்ப்படகு பழகிய நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். பேத்தியின் அறையில் அவர் படம் ஒட்டியிருக்கிறது.

"காற்று எதிரே அடித்தால் எப்படியம்மா போவாய்?" என்று கேட்டேன்.

"நேராகப் போக முடியாது, தாத்தா. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். வயிற்றில் செருகியிருக்கிற இந்தப் பலகைதான் படகைப் பக்கவாட்டில் நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும்."

அட, போடிமெட்டு சாலை! செங்குத்தாக ஏற முடியாத மலையைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோமே, அதே வித்தை.

மிதவைச் சட்டை அணிந்து ஏழெட்டுக் குழந்தைகள் புறப்பட்டார்கள். பின்னால் ஒரு சிறு விசைப்படகில் வாத்தியார். பிற்பகல், கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பியிருந்தது. எனக்குக் கடல் தெரியாது. ஆனால் காற்று தெரியும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகப் புகுந்து எங்கள் ஓட்டைப் பிரிக்கிற காற்று, மலைக்கு அப்பாலுள்ள அரபிக்கடலிலிருந்து வருவதுதான். களத்தில் முறத்தைத் தூக்கி நின்று, எந்தக் கணத்தில் தூற்றினால் பதர் பறந்து மணி காலடியில் விழும் என்று பார்த்துப் பழகிய கண் இது. விளைந்த நெல்வயலின்மேல் காற்று ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதே மாதிரி, தூரத்தில் தண்ணீர் கறுத்து ஒரு திட்டு விரைந்து வருவதைக் கண்டேன்.

"காற்று வருதுடி!" என்று எழுந்து கத்தினேன். அவள் காதில் எங்கே விழும்? பாய் சாய்ந்தது, படகு குப்புறக் கவிழ்ந்தது. பேத்தியைக் காணவில்லை.

தேக்கடி முழுவதும் என் கண் முன்னால் வந்து நின்றது. விசைப்படகு அருகே போயிற்று. போய், சும்மா நின்றது! வாத்தியார் கையைக்கூட நீட்டவில்லை. அந்த மனிதரை நான் மனத்துக்குள் ஏசிய வசைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

மறுகணம் ஒரு சிறு தலை மேலே வந்தது. படகைச் சுற்றி நீந்திப் போனாள். அந்தப் பலகையைப் பற்றி ஏறி, அதன்மேல் நின்று, முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தாள். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. உள்ளே தாவி, நீரை இறைத்து, மறுபடியும் காற்றைப் பிடித்தாள். படகைக் கவிழ்த்து நிமிர்த்துவதுதான் முதல் நாள் பாடம் என்று பிறகு சொன்னார்கள்.

இரவு டெலிபோன் மணி அடித்தது.

"வேண்டாம் என்று சொல்லியாச்சா?" என்றாள் கிழவி.

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்" என்றேன்.

சற்று நேரம் அந்தப் பக்கத்தில் பேச்சில்லை. பிறகு, "பிள்ளைக்குத் தலையை நன்றாகத் துவட்டினீங்களா?" என்று கேட்டாள்.