ஏரிக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

சென்ற ஆவணியில் ஒரு நாள் மாலை, நண்பர் ஒருவருடன் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உலாவிக்கொண்டிருந்தோம். ஒரகடத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை அவருடையது. அதை விஸ்தரிக்கப் பாங்கியில் கடன் கேட்டிருந்தார். அவருடைய கணக்கப்பிள்ளையோ, திரும்பி வந்த சரக்கை நஷ்டமென்று எழுதிவிட்டாராம். வரப்போகும் ஆர்டரின் லாபத்தை மட்டும் எழுத மறுத்துவிட்டாராம்.

"லாபத்துக்குச் சாட்சி கேட்கிறவர், நஷ்டத்துக்குச் சந்தேகமே போதும் என்கிறார். இது என்ன நியாயம், நீரே சொல்லும்!" என்றார்.

நாம் ஏரியைச் சுட்டிக் காட்டினோம். அதன் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் இதன் உபரி நீரும் சேர்ந்து அடையாறு சென்னைக்குள் புகுந்ததை யார் மறப்பார்? வெள்ளத்தைச் சந்தேகத்தின் பேரிலேயே சொல்லிவிட வேண்டும். பெய்யாத மழையை ஏரிக் கணக்கில் சேர்க்கலாகாது.

கடன் கொடுப்பவன் நிலையும் இதுவே. கம்பெனி கொழித்தாலும் அவனுக்குப் பேசிய வட்டிதான். முழுகினாலோ முதலே போய்விடும். 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது சென்னைவாசிகள் கண்ணீர் விட்டுக் கற்ற பாடம் இது. கெட்ட சேதியை முதலில் சொல்லும் கணக்கைக் கண்டால் பயம் தணியும். பயம் தணிந்தால் வட்டியும் தணியும்.

ஆனால் ஜாக்கிரதையிலும் போலி உண்டு. 2012 முதல் ஒரகடத்தில் லாரி செய்துவரும் டெய்ம்லரின் பூர்வ கதையைக் கேளுங்கள். ஜெர்மானியக் கணக்கு முறை ஜாக்கிரதைக்குப் பெயர்போனது. நல்ல வருஷத்து லாபத்தில் கொஞ்சம் ஒளித்து வைத்து, கெட்ட வருஷத்தில் வெளியே எடுக்க அதில் இடமிருந்தது. 1993-ல் அன்றைய டெய்ம்லர்-பென்ஸ், அயல்நாட்டு மூலதனத்தை நாடி நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஜெர்மானியக் கம்பெனிகளில் அதுவே முதலாவது. அவ்வருஷம் ஜெர்மானிய முறைப்படி 61.5 கோடி மார்க் லாபம். அமெரிக்க முறைப்படியோ சுமார் 184 கோடி மார்க் நஷ்டம்!

ஜெர்மனியில் இது ஏன் செல்லுபடியாயிற்று? அங்கே பாங்கியாரே கம்பெனியின் மேற்பார்வைச் சபையில் வீற்றிருந்தார்கள். உள் விஷயம் அவர்களுக்குத் தெரியும். கடல் கடந்து பணம் போடுகிறவனுக்கோ ஏடு ஒன்றுதான் கண். தேசத்துக்குத் தேசம் ஜாக்கிரதையின் விலை மாறுவது இதனால்தான்.

"ஆகவே நஷ்டத்தை ஒளிக்காதேயும், லாபத்தையும் பதுக்காதேயும்" என்றோம்.

கேட்ட தொகையில் முக்கால் பங்குதான் நண்பருக்குக் கிடைத்தது. ஆனால் வட்டி அவர் அஞ்சியதைவிடக் குறைவு. சந்தோஷத்தில், தீபாவளிக்குக் கணக்கப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேஷ்டி வாங்கித் தருவதாகச் சொன்னாராம். கணக்கப்பிள்ளை அன்றே அதைச் செலவில் எழுதிவிட்டார். வேஷ்டி வருமென்று மட்டும் அவர் இன்னும் நம்பவில்லையாம்!